வயசு அப்படித்தானா?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா, "விடும்மா, வயசு அப்படி" என்கிறார். அடுத்த தெருவில் அதே வகுப்பில் படிக்கும் பெண் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி விட்டு வந்தால் படுத்துவிடுகிறாள். உயிர்த்தோழியோடுகூடப் பேச்சு நின்றுவிட்டது. அங்கே பாட்டி, "ரெண்டுங்கெட்டான் வயசு, தானா சரியாயிடும்" என்கிறார். இன்னொரு வீட்டில் ஒரு பையன் எந்த வம்புக்கும் போகாமல், அம்மாவோடு காய்கறி வாங்கப் போய்வந்து, சாயங்காலம் கேரம் ஆடி, நிம்மதியாக இருக்கிறான். அவனுடைய அம்மாவுக்குத்தான் உள்ளூர ஒரு பயம்: "இப்ப இப்படி இருக்கான், பின்னாடி மொத்தமா சேர்த்து வெடிப்பானோ?"

மூன்று பிள்ளைகள், மூன்று வேறு நிலைகள். மூன்றையும் வயதின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கோபப்பட்டால் வயசு, ஒடுங்கிப்போனால் வயசு, அமைதியாக இருந்தால் வயசு இன்னும் வேலையைக் காட்டவில்லை. என்ன நடந்தாலும் பொருந்திவிடுகிற விளக்கத்தை அறிவியல் சந்தேகத்தோடுதான் பார்க்கும். என்ன நடந்திருந்தால் இந்த விளக்கம் தவறு என்று தெரிந்திருக்கும் என்று கேட்கும். வளரிளம் பருவத்தைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்கவே உளவியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இந்தப் பருவம் என்றாலே கொந்தளிப்பு என்பதை ஒரு கோட்பாடாக நிலைநிறுத்தியவர் ஸ்டான்லி ஹால். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் தலைவர். கிளார்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து 1909இல் சிக்மண்ட் ஃபிராய்டை அமெரிக்காவுக்கு அழைத்துவந்தவர். 1904இல் வளரிளம் பருவம் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் இலக்கிய இயக்கம் ஒன்றின் பெயரைக் கடன்வாங்கி, இந்த வயது புயலும் உந்துதலும் நிறைந்தது என்றார். கொந்தளிப்புக் கோட்பாடு என்று இதை அழைக்கலாம். பெற்றோருடன் மோதல், மனநிலை ஊசலாட்டம், துணிந்து ஆபத்தில் இறங்குதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

கொந்தளிப்பு ஏன் வர வேண்டும் என்பதற்கு ஹால் சொன்ன காரணம் இன்று பலருக்கும் தெரியாது. கரு வளரும்போது தன் மூதாதை உயிரினங்களின் வடிவங்களை ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது என்று ஜெர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் சொல்லியிருந்தார். ஹால் அதைப் பிறந்த பிள்ளைகளுக்கும் நீட்டினார். மனித குலம் காட்டுநிலையிலிருந்து நாகரிகத்துக்குத் தாவிய கொந்தளிப்பான காலத்தை ஒவ்வொரு பிள்ளையும் பதின்வயதில் திரும்ப வாழ்ந்து பார்க்கிறதாம். ஹேக்கலின் கருத்தை உயிரியலாளர்கள் பிற்பாடு கைவிட்டார்கள். காரணம் போய்விட்டது, முடிவு மட்டும் நின்றுகொண்டது.

அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் உளப்பகுப்பாய்வாளர்கள். ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட் 1958இல் எழுதிய கட்டுரையில் ஒரு படி மேலே போனார். இந்த வயதில் சமநிலையோடு இருப்பதே இயல்புக்கு மாறானது என்றார். பதினான்கு, பதினைந்து வயதிலும் பெற்றோர் சொல் கேட்டு நல்ல பிள்ளையாக இருப்பவரைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எதையோ கடுமையாக அடக்கிவைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். கேரம் ஆடும் பையனின் அம்மாவுக்கு வந்த பயம் அச்சில் ஏறிய இடம் இது.

அன்னா ஃபிராய்ட் கூர்மையான உளப்பகுப்பாய்வாளர். அவர் பார்த்தது பொய்யில்லை. எங்கே நின்று பார்த்தார் என்பதில்தான் சிக்கல். நாள் முழுக்க மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரிலுள்ள வண்டியெல்லாம் ரிப்பேர் வண்டியாகத்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அந்தக் கடை வாசலில் நிற்காது. சிகிச்சைக்கு அழைத்துவரப்பட்ட பிள்ளைகளை மட்டும் பார்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி எழுதியதும் அப்படித்தான். இந்தப் பிழைக்குத் தேர்வுச் சாய்வு என்று பெயர். நாம் பார்க்கும் கூட்டம் எப்படி நம் முன் வந்து சேர்ந்தது என்று கேட்காமல், அந்தக் கூட்டத்தை வைத்து ஊரை எடைபோடுவது.

1960களில் சிகாகோ மனநல மருத்துவர் டேனியல் ஆஃபர் எளிய ஒரு காரியம் செய்தார். யாரும் மருத்துவரிடம் கொண்டுவராத சாதாரணப் பையன்களைப் பள்ளிகளில் தேடிப்போய்ப் பேசினார். ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்தார். 1969இல் முதல் நூல், 1975இல் அடுத்தது. கொந்தளித்தே வளர்ந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்களில் சிலர் சீராகவும், சிலர் நின்று நின்று வேகமெடுத்தும் வளர்ந்தார்கள். ஆனால் ஆஃபர் எடுத்துக்கொண்டது இயல்பானவர்கள் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்த நடுத்தர வர்க்கப் பையன்களை. இது எதிர்ப்பக்கச் சாய்வு. பெண்களும் அதில் இல்லை.

இரண்டு பக்கமும் சாயாமல் பார்க்க வேண்டுமானால் ஒரு ஊரின் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் மைக்கேல் ரட்டரும் சக ஆய்வாளர்களும் செய்தார்கள். இடம் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவு. தீவில் 14, 15 வயதிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் வந்தார்கள். முதலில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள். அதில் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தவர்களை நேரில் சந்தித்தார்கள். அதோடு, எந்தச் சிக்கலும் இல்லை என்று தோன்றியவர்களிலிருந்தும் சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல் ஒரு குழுவைப் பிரித்துச் சந்தித்தார்கள். பெற்றோரிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாக. வயதுக்கோளாறு பற்றிய பேச்சு எங்கே உண்மை, எங்கே பொய் என்பதை உடைத்துக்காட்டியது இந்த இரண்டாவது குழுதான்.

1976இல் வெளிவந்த முடிவு இரண்டு முனை கொண்டது. பெற்றோரிடமிருந்து அந்நியப்பட்டுப்போவது பொதுவாக இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருக்கும் பிள்ளைகளிடம்தான் அது அதிகம். மனநலக் கோளாறுகளும் சிறுவயதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இது ஒரு முனை. இன்னொரு முனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. துயரமாக இருக்கிறது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது என்று தனியே பேசும்போது சொன்ன பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். அந்தத் துயரத்தைப் பெரியவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. கதவைச் சாத்தும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சத்தமில்லாதது கேட்கவில்லை.

மோதலே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வாக்குவாதங்கள் அடிக்கடி வருகின்றன, போகப்போகக் குறைகின்றன. எதைப் பற்றி என்பதுதான் சுவாரசியம். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்மெட்டானா பல குடும்பங்களின் சண்டைகளைக் கேட்டுப் பிரித்துப் பார்த்தார். நேர்மை, பிறருக்குத் தீங்கு செய்யாமை போன்றவற்றில் பெற்றோருக்குச் சொல்ல உரிமை உண்டு என்பதைப் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள். சண்டை வருவது அறை அலங்கோலமாகக் கிடப்பதற்கு, முடிவெட்டுக்கு, உடைக்கு, போனில் யாரோடு பேசினாய் என்பதற்கு. அம்மாவுக்கு அறை வீட்டின் ஒழுங்கைச் சேர்ந்தது. பிள்ளைக்கு அது தன் சொந்த விஷயம். இருவரும் ஒரே அறையைப் பற்றிப் பேசினாலும் வழக்கு வேறு வேறு. எல்லைக்கோடு எங்கே என்பதற்கான பேரம் இது, அன்பு அறுந்துபோனதற்கான அடையாளம் இல்லை என்று ஸ்மெட்டானாவின் வேலையைப் படித்தபின் எனக்குத் தெளிவானது.

மனநிலை ஊசலாட்டத்தை அளந்த விதமும் சொல்லத் தகுந்தது. "போன வாரம் எப்படி இருந்தாய்?" என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் ரீட் லார்சனும் சிகாகோ அருகே 75 பள்ளி மாணவர்களிடம் ஆளுக்கொரு பேஜரைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு, முன்கூட்டிச் சொல்லாத நேரங்களில் பேஜர் கூவும். அந்த நிமிடம் எங்கே இருக்கிறாய், யாரோடு, என்ன செய்கிறாய், மனம் எப்படி இருக்கிறது என்று கையிலிருக்கும் சிறு படிவத்தில் குறிக்க வேண்டும். கணக்கு வகுப்பில் கூவும், பேருந்தில் கூவும், சாப்பாட்டு மேசையில் கூவும். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான சீட்டுகளை வைத்து 1984இல் நூல் எழுதினார்கள். பெரியவர்களைவிட இவர்களின் மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் வேகமாகப் போய்வந்தது உண்மைதான். ஆனால் அதிகம் ஊசலாடியவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இல்லை. வாழ்க்கையை நன்றாகவே சமாளித்தார்கள்.

லார்சன் பிறகு சண்டிகரைச் சேர்ந்த சுமன் வர்மாவுடன் சேர்ந்து இதே வகை ஆய்வை இந்தியாவில் நடத்தினார். நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த 100 எட்டாம் வகுப்பு மாணவர்கள், கூடவே அவர்களின் பெற்றோர். அமெரிக்கப் பிள்ளைகள் வளர வளரக் குடும்பத்திலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். சண்டிகர்ப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைக் குடும்பத்தோடு கழித்தார்கள். அந்த நேரங்களில் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். அவர்கள் மனம் எப்போது தாழ்ந்தது தெரியுமா? வீட்டுப்பாடம் செய்யும்போது, படிக்கும்போது. விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படிப்பு எடுத்துக்கொண்டது. பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு பிள்ளை எரிந்து விழுந்தால் வயதைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

ஊருக்கு ஊர் மாறுகிறது என்று முதலில் உரக்கச் சொன்னவர் மார்கரெட் மீட். சமோவாத் தீவுப் பெண்களின் பதின்பருவம் அமைதியாகக் கழிகிறது என்று 1928இல் எழுதினார். டெரெக் ஃபிரீமன் 1983இல் அதைக் கடுமையாக மறுத்தார். பின்னர் ஃபிரீமனையும் பலர் மறுத்தார்கள். ஒரு தீவை வைத்துத் தீர்கிற வழக்கு இல்லை இது. அலிஸ் ஷ்லெகலும் ஹெர்பர்ட் பாரியும் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரியச் சமூகங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 1991இல் தந்த விடைக்கு வலு அதிகம். பிள்ளைப்பருவத்துக்கும் முழு வளர்ச்சிக்கும் இடையே ஒரு கட்டம் ஏறக்குறைய எல்லாச் சமூகத்திலும் உண்டு. அந்தக் கட்டத்தில் அடாவடி எல்லா இடத்திலும் இல்லை.

மூன்றாவது அடையாளம் ஆபத்தில் இறங்குவது. இதற்குப் பல்லாண்டுகள் சொல்லப்பட்ட விளக்கம், "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறாங்க" என்பது. 1967இல் டேவிட் எல்கைண்ட், இந்த வயதினர் எல்லோரும் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்கள் என்றார். கற்பனைப் பார்வையாளர் என்று அதற்குப் பெயர் வைத்தார். கூடவே, தாங்கள் தனித்தவர்கள், மற்றவர்க்கு வரும் கேடு தங்களுக்கு வராது என்று நம்புகிறார்கள் என்றும் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கிறது. 1993இல் மேரிலின் குவாட்ரெலும் பரூக் ஃபிஷாஃபும் மற்றொருவரும் சேர்ந்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே கேள்விகளால் சோதித்தார்கள். விபத்து போன்ற கேடுகள் உனக்கு வர எவ்வளவு வாய்ப்பு? உன்னைப் போன்ற இன்னொருவருக்கு? மற்றவர்களைவிட நமக்குக் கொஞ்சம் குறைவு என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் இந்த எண்ணம் பிள்ளைகளிடம் பெற்றோரைவிட அதிகமாக இல்லை. நமக்கு ஒன்றும் ஆகாது என்பது மனித குலத்துக்கே பொதுவான நினைப்பு.

அப்படியானால் ஹெல்மெட் இல்லாமல் ஒரே பைக்கில் மூன்று பேர் பறப்பது எதனால்? ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஒரு கணினி விளையாட்டின் மூலம் இதைத் தேடினார்கள். திரையில் ஒரு கார் ஓடுகிறது. சிக்னல் மஞ்சளாகிறது. எப்போது சிவப்பாகும் என்று தெரியாது. எவ்வளவு தூரம் போகிறாயோ அவ்வளவு புள்ளி. சிவப்பாகும்போது கார் ஓடிக்கொண்டிருந்தால் சுவரில் மோதி எல்லாம் போய்விடும். 13 முதல் 16 வயதுக்காரர்கள், 18 முதல் 22, 24க்கு மேல் என்று மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் தனியாக ஆடினார்கள். மீதிப் பேர் ஆடும்போது அதே வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், பேசினார்கள்.

தனியாக ஆடியபோது வயது பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. நண்பர்கள் வந்து நின்றதும் 24க்கு மேற்பட்டவர்கள் மாறவில்லை, 13 முதல் 16 வயதுக்காரர்கள் மஞ்சளைத் தாண்டிப் பறந்தார்கள். அதே வயது, அதே மூளை, அதே அறிவு. மாறியது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும். 2011இல் இதே ஆய்வகத்தில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஆடச் சொன்னார்கள். பக்கத்து அறையிலிருந்து நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது, பரிசை எதிர்பார்க்கும்போது விழித்தெழும் மூளைப் பகுதிகள் வளரிளம் பருவத்தினரிடம் கூடுதலாக இயங்கின. பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. பிறகு எலிகளிடமும் பார்த்தார்கள். கூட்டாளிகள் அருகில் இருந்தால் இளம் சுண்டெலிகள் மதுவை அதிகம் குடித்தன, வளர்ந்தவை குடிக்கவில்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் புதிதாக உரிமம் வாங்கிய பதின்வயதினர் தம் வயதுக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொள்ளக் கட்டுப்பாடு உண்டு. கூட வருகிறவர்களின் எண்ணிக்கை ஏற ஏற 16, 17 வயது ஓட்டுநரின் மரண வாய்ப்பும் ஏறுவது விபத்துப் பதிவுகளில் தெரிந்தது. அறிவுரை சொல்வதைவிடச் சூழலை மாற்றுவது உயிரைக் காக்கும்.

மூளையைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979இல், இறந்தவர்களின் மூளைத் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளை எண்ணினார். குழந்தையின் முன்மூளையில் பெரியவர்களைவிட மிக அதிகமான இணைப்புகள் இருந்தன. பயன்படாதவை வளரும் காலத்தில் கழிந்துபோகின்றன; பயன்படுபவை தங்குகின்றன. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் நெற்றிப்புற மூளைப் பகுதியில் இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. இதைக் கேட்டதும் பலர், "அதான் பாருங்க, மூளையே இன்னும் வளரல" என்று பழைய கோட்பாட்டுக்கே புதுச் சட்டை போட்டுவிடுகிறார்கள். அவசரமும் பரபரப்பும் இல்லாத சூழலில் யோசித்து முடிவெடுக்கச் சொன்னால் 16 வயதினர் பெரியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகச் செய்வதை ஸ்டைன்பெர்க் குழுவே காட்டியிருக்கிறது. ஹார்மோன் விஷயத்திலும் இதே கதைதான். அதற்கும் மனநிலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அது நாம் நினைப்பதைவிடச் சிறியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் கோட்பாடு சாகாததற்கு ஒரு காரணம், அது தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்வது. கிறிஸ்டி புக்கனனும் ஜோனா ஹியூஸும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும், வரும் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று கேட்டுவைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அடங்காமையும் ஆபத்தும் வரும் என்று எதிர்பார்த்த வீடுகளில் அவை கூடுதலாகவே இருந்தன. சீனாவில் யாங் சூவும் சக ஆய்வாளர்களும் எதிர்த்திசையில் முயன்றார்கள். ஏழாம் வகுப்பு மாணவர்களை, பதின்வயதினர் பொறுப்பாக நடப்பதைப் பற்றி யோசித்து எழுதச் சொன்னார்கள். அடுத்து வந்த சில நாட்களில் அவர்கள் படிப்பில் காட்டிய ஈடுபாடு மேம்பட்டது.

சாப்பிடாமல் படுத்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று ரொனால்ட் கெஸ்லர் குழுவின் அமெரிக்க ஆய்வு 2005இல் காட்டியது. ஊசலாட்டம் இயல்பு; இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது ஊசலாட்டம் இல்லை. தூக்கமும் பசியும் மாறுவது, பிடித்த விளையாட்டும் பாட்டும் அலுத்துப்போவது, பெற்றோரிடம் மட்டுமின்றி நண்பர்களிடமிருந்தும் விலகுவது, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற பேச்சு, இவற்றை வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் தயங்குகிறார்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். மேடலின் கூல்டும் குழுவினரும் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் கொண்ட படிவம், மறுபாதியிடம் அவை இல்லாத படிவம். இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களில், கேட்கப்பட்டவர்களுக்கு உளைச்சல் சற்றுக் குறைவாகவே இருந்தது. இந்த முடிவு 2005இல் வெளியானது. அந்தப் பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்து, "ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா? வாழவே பிடிக்கலைன்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்த நேரத்திலும், தமிழிலேயே அழைக்கலாம்.